தவசி வைத்த பெயர்கள்

ஜன்னல் ஓரம் நீயே உட்கார், அம்மா. பிள்ளைக்குக் காற்று வேண்டும். எனக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை வரைக்கும் இந்தக் கருவேல மரங்கள்தான். அவற்றை நான் பார்த்தாயிற்று, அவையும் என்னைப் பார்த்தாயிற்று.

பாட்டி என்று கூப்பிடாதே. வயதாகிவிட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் எனக்குப் பேரன் பேத்தி யாரும் கிடையாது, கல்யாணமே கிடையாது. டீச்சர் என்று கூப்பிடு. ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. மதுரைக் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு உங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் ஓய்வு பெறும் வரை தமிழ் எடுத்தவள் நான். உன் அம்மாவுக்குக்கூட எடுத்திருப்பேன். ஓ, அவள் பள்ளிக்கூடம் போனதில்லையா? தறிக்கா? சரி.

பிள்ளைக்கு எத்தனையாவது மாதம்? முகம் தெளிந்துவிட்டது. பெண்ணா? பெயர் என்ன?

இன்னும் வைக்கவில்லையா! பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து, பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கிற பருவம் வந்து, புருஷன் வீட்டுக்கே திரும்பிப் போகிறாய். அதுவரைக்கும் பெயரில்லாமலா? யார் வைக்க வேண்டும் என்று காத்திருந்தீர்கள்?

யார்?

இரு. கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

நானும் அங்கேயிருந்துதான் வருகிறேன், அம்மா. தவசியின் படத்திறப்பிலிருந்து. நீ வரவில்லையா? பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு வராததே நல்லது. கல்யாண மண்டபம் கொள்ளவில்லை. தெருவரைக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு வார்டு கவுன்சிலருக்கு, அதுவும் பதவி போய்ப் பல காலம் ஆன ஒருவனுக்கு, இத்தனை கூட்டமா என்று மேடையில் பேச வந்த வெளியூர்க்காரரே திகைத்துப் போனார். எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து அழுதார்கள். தறிக்காரர்கள் இன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள். பள்ளிவாசலிலிருந்து வந்திருந்தார்கள், மாதா கோயிலிலிருந்து வந்திருந்தார்கள். எல்லாரும் தவசியண்ணன், தவசியண்ணன் என்றார்கள்.

நான் தவசி என்றுதான் சொல்வேன். அவன் இவன் என்று பேசுகிறேனே என்று பார்க்காதே. என்னைவிட இளையவன், எட்டாவதோடு நின்றவன், எனக்கு முன்னால் ஒருநாளும் நாற்காலியின் முதுகில் சாய்ந்து உட்காராதவன். வேறெப்படிச் சொல்வது?

உங்கள் வார்டில் பிள்ளை பிறந்தால் தவசிதான் பெயர் வைக்க வேண்டும். அது உனக்கே தெரியும். பெரிய தலைவர்கள் மேடையில் வைப்பதுபோல அவன் வீட்டு வாசலில் வைப்பான். பிள்ளையைக் கையில் வாங்கி, காதில் மூன்று தரம் சொல்லிவிட்டு, பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொல்வான். சொன்னால் சொன்னதுதான். பாட்டன் பெயர், குலசாமி பெயர் என்று சண்டை போட்ட வீடெல்லாம் வாயை மூடிக்கொள்ளும்.

அந்தப் பெயர்களை அவனுக்குக் கொடுத்தவள் நான்.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? உண்மைதான். எட்டாவது படித்தவனுக்கு எங்கிருந்து வரும் பெயர்? ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளைச் சாத்திவிட்டு, செருப்பை வெளியில் கழற்றிப் போட்டுவிட்டு, "டீச்சர், உள்ள வரலாமா?" என்பான். தைல வாடை அடிக்கும் அவன்மேல். எனக்கு அந்த வாடை ஆகாது. ஜன்னலைத் திறந்து வைப்பேன். கட்சி வேலையாக அலைகிறவன், கால் வலி, தடவிக்கொள்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

"பொம்பளப் பிள்ள டீச்சர். தறிக்குப் பாவு ஓட்டுற மாரியப்பன் வீடு. நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க."

நான் உடனே சொல்லிவிட மாட்டேன். கேட்டவுடன் கொடுக்க அது என்ன கடைச் சரக்கா? டீ போட்டுக் கொடுப்பேன். அவன் குடிக்கும்போது யோசிப்பேன். ஒரு பெயருக்கு ஓசை வேண்டும் அம்மா, பொருள் பிறகு. வாசலில் நின்று கூப்பிட்டால் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வர வேண்டும். வல்லெழுத்து நெருங்கக் கூடாது. முடிவில் வாய் மூடக் கூடாது, மூடினாலும் மெல்ல மூட வேண்டும். இதையெல்லாம் அவனுக்கு விளக்குவேன். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். அவன் அப்படியில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். சில நாள் தலைகூடச் சாய்ந்துவிடும், அவ்வளவு லயிப்பு. நான் நிறுத்தியதும் திடுக்கிட்டு நிமிர்ந்து, "சொல்லுங்க டீச்சர்" என்பான். அப்படி ஒரு செவி இந்த ஊரில் யாருக்கு இருந்தது?

யாழ்நங்கை. நறுந்துணர். கார்குழலி. பூம்பொழில். ஆண் பிள்ளையென்றால் எழினி, நன்மாறன், வெற்றிவேந்தன். ஒவ்வொன்றையும் நான் கவிதை எழுதுவதுபோலச் செய்து கொடுத்தேன். கவிதைதான் எழுதியிருக்க வேண்டியவள். எழுதவும் செய்தேன். யாரும் போடவில்லை. போகட்டும். என் கவிதைகள் உங்கள் வார்டில் ஓடியாடி விளையாடுகின்றன என்று நினைத்துக்கொண்டேன். சட்டை போட்டுக்கொண்டு, மூக்கு ஒழுகிக்கொண்டு, பம்பரம் விட்டுக்கொண்டு. அச்சில் வந்தால்கூட அப்படி ஒரு வாழ்வு கிடைக்குமா?

பெயரைச் சொன்னதும், "நல்லாருக்கு டீச்சர்" என்பான். எப்போதும் அதே சொல்தான். எழுதித் தரட்டுமா என்றால், "வேண்டாம் டீச்சர், மனசுல இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுவான். அடுத்த வாரம் கேட்பேன், "வைத்தாயா?" "வச்சாச்சு டீச்சர். வீடே சந்தோசமாயிருச்சு." சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவான். "இன்னும் ஒரு வீடு இருக்கு டீச்சர், வாரேன்."

நீ கேட்கிறது சரிதான். நான் போய் அந்தப் பிள்ளைகளைப் பார்த்திருக்கலாம். போகவில்லை. நான் இருந்தது பள்ளிக்கூடத்துப் பக்கம். உங்கள் தறிச் சத்தத்துக்குள் எனக்கு என்ன வேலை? பெயர் கொடுத்தவள் வாசல் வாசலாகப் போய், "நான்தான் கொடுத்தேன்" என்று நிற்பதா? ஒருமுறை ரேஷன் கடையில் ஒரு பிள்ளையை அதன் அம்மா "மைனா, மைனா" என்று கூப்பிட்டாள். தவசி அந்த வீட்டுக்கு என்னிடம் பூம்பொழில் வாங்கிப் போயிருந்தான். வீட்டுக்குள் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவன் எனக்குச் செய்ததையெல்லாம் நான் மறுக்கவில்லை. என் தெருவிளக்கு எரியாவிட்டால் அன்றே ஆள் வரும். பென்ஷன் அலுவலகத்தில் என் பெயரைத் தப்பாக எழுதி வைத்திருந்தார்கள், அவனே நாலு நடை நடந்து திருத்திக் கொடுத்தான். நான் குளியலறையில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது மூன்று பெண்களை முறை வைத்துச் சோறாக்க அனுப்பினான். உங்கள் தெருப் பெண்கள்தான். வாயாடிகள். நான் சொன்னேனா, உப்பைக் குறையுங்கள் என்று? சொன்னேன். குறைத்தார்களா? இல்லை. ஆனால் வந்தார்கள். தவசி சொன்னதற்காக வந்தார்கள். தவசி எனக்காகச் சொன்னான். எனக்காக என்றால், தமிழுக்காக. அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். புலவர்களுக்கு ஊர் செய்கிற மரியாதை. வேறு எதற்கு ஒருவன் ஒரு கிழவிக்கு அப்படிச் செய்வான்?

இடுப்பு ஒடிந்த பிறகுதான் என் தம்பி மகன் என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரிங் ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு. நல்ல பிள்ளைகள், ஆளுக்கொரு அறையில் ஆளுக்கொரு போன். சோறு நேரத்துக்கு வரும். பேச்சுதான் வராது. இத்தோடு பெயர் கொடுக்கும் வேலையும் போயிற்று என்று இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில், "டீச்சர், உள்ள வரலாமா?"

பஸ் ஏறி வந்திருந்தான், அம்மா. இதே பஸ்ஸாகக்கூட இருக்கும். வேட்டியெல்லாம் கசங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு. "நெசவாளர் காலனியில ஆம்பளப் பிள்ள டீச்சர். ஒரு பேர் வேணும்." போனில் கேட்டால் ஆகாதா என்றேன். "போன்ல கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றான். அதுதான் மரியாதை. என் தம்பி மகனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் முன்னால் நான் அன்றைக்கு எவ்வளவு உயரமாக உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு ஊர் தன் பிள்ளைகளுக்குப் பெயர் கேட்டு என் வாசலுக்கு ஆளனுப்புகிறது என்று சொல்லாமல் சொன்னேன். மாதம் தவறாமல் வந்தான். கால் வீங்கியிருக்கும், முகம் வெளிறியிருக்கும். வயதாகிறது என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மாதம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. எனக்குக் கோபம். வேறு யாரையாவது பிடித்துவிட்டானோ? இப்போதுதான் போனைத் தட்டினால் பெயர் பெயராகக் கொட்டுகிறதே. சிறுநீரகம் போய்ப் படுத்திருக்கிறான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் போன் வந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"டீச்சர், தவசி பேசுறேன். சாப்பிட்டீகளா?"

"அதெல்லாம் ஆயிற்று. என்ன விஷயம்?"

"ஒரு பேர் வேணும் டீச்சர். பொம்பளப் பிள்ள."

என்னிடம் ஒரு பெயர் தயாராக இருந்தது. இரண்டு மாதமாக அதை வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்று எனக்கு அதற்கு முன்னால் அமைந்ததே இல்லை. ஆனால் சொல்லவில்லை. "போனில் கேட்டால் நல்லாவா இருக்கும் என்று சொன்னவன் நீதானே? பெயர் வேண்டுமென்றால் நேரில் வா" என்றேன்.

"சரி டீச்சர். வாரேன்" என்றான்.

நியாயம்தானே? ஒரு முறை என்று இருந்தால் அது எல்லாருக்கும்தானே?

அதற்கப்புறம் செய்திதான் வந்தது. அவன் வரவில்லை.

நீ ஏன் கண்ணைத் துடைக்கிறாய்? அழாதே, பிள்ளை முழிக்கிறது பார். காரியாபட்டி வந்துவிட்டது. சுண்டல் வாங்கித் தரட்டுமா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம். அங்கே மண்டபத்தில் இலை போட்டுக் கூப்பிட்டார்கள், சாப்பிடாமல்தான் எழுந்து வந்துவிட்டேன். அதைத்தான் சொல்ல வருகிறேன். கேள்.

இப்போது உங்கள் வார்டைப் பார்த்துக்கொள்கிறானே குணாளன், அவன்தான் படத்திறப்புக்கு என்னைப் போனில் அழைத்தவன். "டீச்சர், கட்டாயம் வரணும். முன் வரிசையில ஒக்காரணும்." நான் அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். தவசி இருந்த வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அவன் பெயரெடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இனிமேல் அவனுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? உண்மையை மேடையில் சொல்லிவிடு என்றேன். அவன் பெரிய மனது பண்ணி, "அதுக்கென்ன டீச்சர், சொல்லிட்டாப் போச்சு" என்றான். போனை வைத்துவிட்டு அன்றைக்கெல்லாம் நான் பாடிக்கொண்டிருந்தேன். என் தம்பி மருமகள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சொன்னான், அம்மா. சொன்ன சொல் தவறாமல் சொன்னான். படத்தைத் திறந்து மாலை போட்ட பிறகு மைக்கைப் பிடித்து, "தவசியண்ணன் வச்ச பேருகளுக்குப் பின்னால ஒரு தமிழ்த்தாய் இருக்காங்க. இதோ, முன் வரிசையில ஒக்காந்திருக்காங்க" என்றான். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கை தட்டினார்கள். நான் எழுந்து கும்பிட்டேன். என் வாழ்நாளில் எனக்காகக் கை தட்டியது அந்த ஒரு தடவைதான்.

அதோடு விட்டிருக்கலாம். அவன், "அண்ணன் பேர் வச்ச பிள்ளைகள்ளாம் மேடைக்கு வாங்க. ஒவ்வொருத்தரா வந்து பேரைச் சொல்லி அண்ணன் படத்துக்குப் பூப் போடுங்க" என்றான்.

வரிசை மண்டபத்துக்கு வெளியே வரைக்கும் நின்றது. மீசை வைத்தவன், தாலி கட்டிக்கொண்டவள், பள்ளிக்கூட உடுப்பில் வந்தது, இடுப்பில் இருந்தது. நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் கவிதைகள் வரிசையாக வருகின்றன.

முதலில் ஒரு வாட்டசாட்டமான பையன். மைக்கில், "தினேஷ்குமார்" என்றான். பூப் போட்டான், போனான்.

சரி, வேறு ஊரில் பிறந்தவனாக இருக்கும்.

"சுகன்யா." "பேச்சிமுத்து." "ஜாஸ்மின்." "மைனா." "ரூபாஸ்ரீ." "செபஸ்தியான்." "பேபி ராணி."

எனக்குக் காது கொதித்தது. எழுந்து நின்று, "வீட்டுப் பெயரைச் சொல்லாதீர்கள்! பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லுங்கள்!" என்றேன். வகுப்பில் பேசுகிற குரலில்தான் சொன்னேன். அந்தக் குரல் இன்னும் போகவில்லை.

பேபி ராணி, அவள் ஒரு பெரிய மனுஷி, இரண்டு பிள்ளை பெற்றவள், "இதான் டீச்சர் பள்ளிக்கூடப் பேரு" என்றாள். பின்னாலிருந்து ஒருவன், "ஆதார் அட்டையைக் காட்டவா டீச்சர்?" என்றான். சிரித்தார்கள்.

நான் மேடைக்குப் போனேன். படியில் ஏற யாரோ கை கொடுத்தார்கள். மைக்கை வாங்கிக்கொண்டேன். வருகைப் பதிவு எடுக்கத் தெரியாதா எனக்கு? "யாழ்நங்கை, கையைத் தூக்கு" என்றேன்.

யாரும் தூக்கவில்லை.

"நறுந்துணர்." "கார்குழலி." "எழினி." "நன்மாறன்."

ஒரு கைகூட எழவில்லை. நான் நிறுத்தவில்லை. எனக்கு ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது. எந்த ஞாயிறு, எந்த வீட்டுக்கு என்று நினைவிருக்கிறது. கூப்பிட்டுக்கொண்டே போனேன். பின்னால் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம், "செத்துப்போனவுக பேரையா வாசிக்குது?" என்று கேட்டார். அவருக்குக் காது மந்தம் போல, உரக்கவே கேட்டார்.

"பாவு ஓட்டுற மாரியப்பன் வீட்டுப் பெண் யார்?" என்றேன் கடைசியாக. ஒரு பெண் வரிசையில் கையைத் தூக்கினாள். "உன் பெயர்?" "பொன்னுத்தாய், டீச்சர்." "உனக்குத் தவசி யாழ்நங்கை என்று பெயர் வைத்தான்." "இல்ல டீச்சர்." பாவம், அவள் ஏதோ தப்புச் செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் அவளுடைய அம்மா கீழேயிருந்து எழுந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். நான் இடுப்பு ஒடிந்து கிடந்தபோது சோறாக்கியவர்களில் ஒருத்தி, உப்பு அள்ளிப் போடுகிறவள். "டீச்சர், கோவிச்சுக்கிறாதீக" என்று ஆரம்பித்தாள். "பிள்ளைய எங் கையிலருந்து வாங்கறப்ப அண்ணன் எங் காதுகிட்டக் குனிஞ்சு, 'ஒனக்கு என்ன பேரு பிடிக்கும் தாயி?'ன்னு கேட்டாக. எம் மாமியா ஒரு பேரு சொல்லுது, எம் புருசன் ஒரு பேரு சொல்றாரு. நான் சொன்னா எடுபடுமா? என்னைய வளத்தது எங்க அத்தை பொன்னுத்தாய். அதுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தக்கூட எனக்குக் குடுத்து வைக்கல. மொள்ளமா அந்தப் பேரைச் சொன்னேன். அண்ணன் அப்பிடியே நிமிந்து, தானா யோசிச்ச மாதிரி, 'பொன்னுத்தாய்!'னு சத்தமாச் சொன்னாக. எம் மாமியா வாயே தெறக்கல. எங்க தெருவுல எல்லாப் பிள்ளைக்கும் அப்பிடித்தான் டீச்சர்."

எல்லாப் பெண்களும் தலையை ஆட்டுகிறார்கள், அம்மா! ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி, "ஒங்கிட்டயுமா?" "ஒங்கிட்டயுமா?" என்று. ஒருத்திக்கும் மற்றவளுடையது தெரியாது. அழுகிறார்கள், சிரிக்கிறார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். என்னைப் பார்க்க ஆளில்லை.

இது ஒரு பெரிய காரியமா, நீயே சொல். தாய் கேட்ட பெயரை வைப்பதற்கு ஒரு தலைவன் எதற்கு? மைனா ஒரு பெயரா? பேபி ராணி ஒரு பெயரா?

நான் இறங்கி நேராக அவன் மனைவியிடம் போனேன். சொர்ணம். படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். துக்க வீட்டில் கேட்கக் கூடாதுதான். கேட்டேன். "அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் வீட்டுக்கு எதற்கு வந்தான்?"

அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாதவள். வெள்ளையாகச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை மூணு வீட்டுக்குப் போயிட்டுத்தான் அவுகளுக்குச் சோறு எறங்கும் டீச்சர். மொதல்ல வாதத்துல கெடந்தாரே முனியசாமி, அவருக்குக் காலுக்குத் தைலம் தேச்சுவிடுவாக. அப்பறம் ஒங்க வீடு. அப்பறம் கண்ணு போன சூசைத் தையக்காரர் வீடு, அவருக்குப் பேப்பர் வாசிச்சுக் காட்டணும். 'டீச்சர் ஒத்தையில கெடக்காக, என்னத்தையாச்சும் கேட்டுப் பேச்சுக் குடுத்துட்டு வாரேன்'னு சொல்லிட்டுப் போவாக. கடைசியில படுத்துக்கிட்டும் அதே நெனப்புத்தான். 'டீச்சர் வரச் சொல்லிட்டாக, எப்பிடியாச்சும் ஒரு நடை போயிட்டு வந்துரணும்'னு. எங்க எந்திரிக்கவிட்டுது?"

கேட்டாயா? வாதக்காரனுக்கும் கண் தெரியாதவனுக்கும் நடுவில் நான். ஒருவனுக்குத் தைலம், ஒருவனுக்குப் பேப்பர், எனக்குப் பேச்சு. நான் அவனுக்கு டீ கொடுத்தேன், பெயர் கொடுத்தேன், கொடுக்கிற கை என்னுடையது என்று இருந்தேன். யாரைக் கேட்டு என்னை அந்த வரிசையில் வைத்தான்? எனக்கு ஆள் துணை வேண்டும் என்று நான் அவனிடம் சொன்னேனா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், "டீச்சர், அந்தப் பேரு வைக்கல" என்று சொல்லியிருந்தால் நான் என்ன செத்தா போயிருப்பேன்?

"சாப்பிட்டுட்டுப் போங்க டீச்சர்" என்றாள் சொர்ணம். கையை உதறிக்கொண்டு வந்துவிட்டேன். பேச்சியம்மாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே வந்தாள். ஆட்டோ பிடித்துத் தரவா, தண்ணீர் வேண்டுமா என்று. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இந்தத் தண்ணீர் பாட்டில்கூட அவள் ஜன்னல் வழியாகப் போட்டதுதான்.

ஊர் அவனை நல்லவன் என்கிறது. சொல்லிக்கொண்டு போகட்டும். நல்லவர்களால் பட்ட காயத்தை எங்கே போய்க் காட்டுவது? கெட்டவன் செய்தால் திட்டலாம். நாலு பேர் கூடச் சேர்ந்து திட்டுவார்கள். இவனைப் பற்றி நான் வாயைத் திறந்தால் உன் முகமே கோணுகிறது.

ஆமாம், கேட்க மறந்துவிட்டேன். உன் பெயர் என்ன?

கலாவதியா.

யார் வைத்தது என்று கேட்கவில்லை. தெரிகிறது. உன் அம்மா ஏன் அந்தப் பெயரைக் கேட்டாள்? கூடத் தறி நெய்த சிநேகிதியா? தீ விபத்திலா? ஐயோ. சரி. இருக்கட்டும். அவள் முகம் மறந்துபோனால்கூட வீட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டாவது இருக்கலாம் என்று நினைத்திருப்பாள் உன் அம்மா. இருக்கட்டும்.

இந்தப் பிள்ளைக்காகத்தான் அவன் அன்றைக்குப் போன் செய்தானோ? பொம்பளப் பிள்ளை என்றான். உன் அம்மா போய்ச் சொல்லியிருந்தாளா, அவன் படுக்கையில் இருக்கும்போது? சொன்னாளா. அப்படியானால் இவளேதான்.

என்ன சொன்னாய்? நான் பெயர் சொல்ல வேண்டுமா? என்னைப் பார்த்தால் உனக்கு எப்படித் தெரிகிறது? இல்லை, இல்லை, கோபமில்லை. நீ கேட்டதே போதும். ஆனால் கேட்டுவிட்டாய், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொண்டேனே, அந்தப் பெயர் இன்னும் இங்கே அப்படியே இருக்கிறது.

தண்முகிழ்.

தண் என்றால் குளிர்ச்சி. முகிழ் என்றால் மொட்டு. விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்துக்குள் போனால் கையில் படுமே, பனி நனைந்த அரும்பு, அது. சொல்லிப் பார், வாய்க்குள்ளேயே பூக்கிற மாதிரி இருக்கும். உங்கள் ஊரில் விளையாத பூவா? தண்முகிழ்.

என்ன சொல்கிறாய்?

"நல்லாருக்கு டீச்சர்" என்கிறாய்.

ஒரே ஒரு தடவை திருப்பிச் சொல்லு, கலாவதி. பெயரைச் சொல்லிக் கூப்பிடு பிள்ளையை. நான் கேட்டுவிட்டு இறங்கிக்கொள்கிறேன். அவன் இத்தனை வருஷத்தில் ஒரு பெயரைக்கூட என் எதிரில் திருப்பிச் சொன்னதில்லை. அது எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. நல்லாருக்கு என்பான், மனசுல இருக்கு என்பான், கிளம்பிவிடுவான். நீயாவது சொல்லு.

சொல்லு அம்மா.

சரி, வேண்டாம். பிள்ளையைப் பார்த்துக் குனிந்துகொள்ளாதே. உன் மனதில் ஒரு பெயர் இருக்கிறது. அது முகத்திலேயே தெரிகிறது. அதையே வை. உன் மாமியார் ஏதாவது சொன்னால், ஒரு டீச்சர் வைத்தது, எம்.ஏ. படித்தவள் என்று சொல்லிக்கொள்.

கண்டக்டர்! ரிங் ரோட்டில் ஒரு ஆள் இறங்கணும்!

விரலைப் பிரித்துவிடு, அம்மா. பிள்ளை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.